குடல்

பெட்டியைச் சரித்தால்
உமியில் உருளும் ஐந்நூறு மஞ்சள்.
முட்டையிலிருந்து கொண்டுவந்த கரு
வயிற்றுக்குள் இன்னும் கொஞ்சம் கிடக்கும்.
அது தீருமுன்
நல்லவை குடலில் குடியேற வேண்டும்.

"குழாய்த் தண்ணியில கரைக்காதீங்க ராத்தா,
குளோரின் பட்டா
பவுடருக்குள்ள இருக்கிற உசிரெல்லாம் செத்துரும்."
கம்பனிப் பொடியன் நுஸ்கி இதைச்
சொன்னது பிந்தித்தான்.
போன தடவை
செத்த மருந்தைத்தான் ஊட்டியிருக்கிறேன்.
எழுபத்திரண்டு,
பின்பக்கம் ஒட்டிப்போய்
குந்தினபடியே போயின.

இந்தமுறை கிணற்றுத் தண்ணீர்.
லீற்றருக்கு ஒரு கிராம்,
நகைக்கடைத் தம்பியிடம் இரவல் வாங்கிய தராசில்.

சம்மாந்துறை ஆலைகள் ஓய்ந்தபின்
கூட்டுக்குள் குந்தி
ஒவ்வொன்றாய்த் தீனிப்பையைத் தடவுவேன்.
ஊறிய அவல்போல் இருந்தால் சரி.
தண்ணீராய்த் தளும்பினால்
காகிதம் விரித்து
இன்னும் ஒரு பிடி தூவுவேன்.

விடிந்தால் எச்சம்தான் எனக்குப் பேப்பர்.
வெள்ளைத் தொப்பி போட்ட உருண்டை என்றால்
அன்றைக்கு
தேத்தண்ணி ஆறுமுன் குடிப்பேன்.

முப்பத்தைந்தாம் நாள் லொறி.
சராசரி இரண்டு கிலோ ஐம்பது.
நுஸ்கி இரண்டு தரம் கூட்டிப் பார்த்தான்.

மறுநாள் கல்முனையில்
கறிக்கு ஒரு கோழி.
யார் வளர்த்ததோ, என்னுடையதாகவும் இருக்கலாம்.
கடைக்காரர் ஒரு விரலை வளைத்து
முழுவதையும் உருவி
பாராமலே வாளிக்குள் போட்டார்.

எட்டிப் பார்த்தேன்.
தடித்து, இளஞ்சிவப்பாய்,
எங்கும் ஒரு கீறல் இரத்தம் இல்லை.

"என்ன ராத்தா,
பூனைக்கா?"