இருபத்தேழு ஓம்

சொஹார், துறைமுகச் சாலை கேம்ப், பி பிளாக்.
ஜனவரி. இரவு ஒன்று நாற்பது.
காரிடாரில் பிளாஸ்டிக் கருகும் வாடை.
"எந்த ரூம்னு மட்டும் சொல்லு," என்கிறார் கேம்ப் பாஸ்,
"ஹீட்டர்தான். இருபது ரியால் அபராதம்.
பேரை நான் எழுதிக்கிறேன்."

ஒவ்வொரு கதவிலும் மூன்று மொழியில்
ஒட்டியிருக்கிறது தடை.
நான்காவது மொழி என் இடுப்பில் தொங்குகிறது:
மஞ்சள் கிளாம்ப் மீட்டர்.
வாய் திறந்து ஒயரைக் கவ்வும்,
கடிக்காது,
உள்ளே எவ்வளவு ஓடுகிறதென்று சொல்லிவிடும்.

பதினாறாம் அறை: புள்ளி மூன்று ஆம்பியர்.
போன் சார்ஜர்கள். யாரோ வீட்டோடு பேசிக்கொண்டே
தூங்கிப்போயிருக்கிறார்கள்.
பதினெட்டு: ஒன்று புள்ளி ஒன்று. பிரிட்ஜ்.
பதினேழு:
எட்டு புள்ளி நான்கு.

தட்டினேன். திறந்தேன்.
ஆறு கட்டில், ஆறு குறட்டை, ஒரே தாளத்தில்.
கட்டிலுக்கடியில் பெயின்ட் வாளி ஒன்று
ஆவி விட்டுக்கொண்டிருந்தது.
அதற்கு மட்டும் நடிக்கத் தெரியவில்லை.

சுவர் பிளக்கில் முனைகளை வைத்தேன்:
இருநூற்று இருபத்தாறு புள்ளி எட்டு வோல்ட்.
சிகரெட் அட்டையைக் கிழித்துப் பின்புறம் கணக்கு.
பெருக்கினால் திறன்:
ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐந்து வாட்.
பஜாரில் ஒன்றரை ரியாலுக்குக் கிடைக்கும் காயில்;
இரண்டாயிரம் என்று அச்சடித்திருப்பான்.
கொஞ்சம் வோல்டேஜ் குறைவு, கொஞ்சம் பொய்.
வகுத்தால் தடை. வகுத்துக்கொண்டே கேட்டேன்,
"யாரோடது?"

மேல் கட்டிலிலிருந்து இறங்கினான்
மன்னார்க்காரன் றெஜினோல்ட்.
"உன்னோடதா?"
"ஓம்."
"தெனமுமா?"
"ஓம்."
இருபத்தேழு, என்று எழுதினேன்.

குதிகாலைத் திருப்பிக் காட்டினான்.
கான்கிரீட் தின்ற கால்;
வெடிப்புக்குள் ஒரு ரூபாய்க் காசை நிறுத்தலாம்.
"சுடுதண்ணிக்குள்ள வைக்காட்டி
விடிய சப்பாத்து ஏறாது, அண்ணை."

பெயர் கிடைத்துவிட்டது. போயிருக்கலாம்.
ஆனால் காயில் தண்ணீருக்குள் அல்லவா இருக்கிறது,
கருகுவது எது?

காரிடார் பெட்டியில் அளந்திருந்தேன்:
இருநூற்று முப்பத்தொன்று.
இங்கே வருவதற்குள் நான்கு புள்ளி இரண்டு வோல்ட்டை
வழியில் யாரோ பிடுங்கிக்கொண்டிருக்கிறார்கள்.
அதை எட்டு புள்ளி நான்கால் வகு: அரை ஓம்.
பெருக்கு: முப்பத்தைந்து வாட்.

சின்ன எண்தான்.
என் சால்டரிங் அயர்ன் முப்பத்தைந்து வாட்.
ஈயத்தை உருக்கும்.
அது இந்தச் சுவருக்குள், நக அகலத்தில்,
ஆறு பேர் தலைமாட்டில்,
இரவு தவறாமல் உட்கார்ந்திருக்கிறது.

பிரேக்கரை இறக்கிவிட்டு டார்ச்சைக் கவ்வியபடி
பிளக் தட்டைக் கழற்றினேன்.
நியூட்ரல் ஸ்க்ரூ லொடலொடத்தது.
சுற்றிலும் பிளாஸ்டிக் கொப்புளித்துக்
காபிப் பொடி நிறத்தில்.
ஊதினேன். தட்டின் பின்னால்
மார்க்கரில் தேதியும் கையெழுத்தும்.

போன மார்ச்.
ஒரே நாளில் நாற்பது அறை முடிக்கச் சொன்ன மார்ச்.
கையெழுத்து
என்னுடையது.

குறட்டைகள் எப்போதோ நின்றுவிட்டிருந்தன.
யாரும் எதுவும் கேட்கவில்லை.
கருகிய நுனியை வெட்டி, சுரண்டி,
புது பிளக் போட்டு,
மணிக்கட்டு வலிக்க முறுக்கினேன்.
ஒருமுறை இழுத்துப் பார்த்தேன்.
இன்னொரு முறையும்.

பிரேக்கரை ஏற்றினால்
எட்டு புள்ளி ஐந்து நான்கு.
அதே காயில், அதே இருபத்தேழு;
இப்போது அறுபத்துச் சொச்சம் வாட் கூடுதல்.
தண்ணீர் இனிக் கொஞ்சம் சீக்கிரம் சுடும்.

வாசலில் கேம்ப் பாஸ், பேனா மூடியைக் கழற்றிக்கொண்டு:
"பேர்?"
ரிஜிஸ்டரை வாங்கி நானே எழுதினேன்:
அறை பதினேழு. ஸ்க்ரூ தளர்வு. பொருத்தியவர்,
அதற்குப் பக்கத்தில்
மார்ச்சில் போட்ட அதே கையெழுத்து.

அவர் ஆவியைப் பார்த்தார். வாளியைப் பார்த்தார்.
"லோடு டெஸ்ட் சார்," என்றேன்.
"பத்து நிமிஷம் ஓடணும்."