எட்டு கிராம்

பிராம்டனில் இருந்து
தம்பி நிரோஜன் வீடியோ அனுப்பியிருந்தான்.
சிவப்புப் போத்தல், சீனித் தண்ணி,
அந்தரத்தில் ஆணியடித்தது போல ஒரு பறவை.
ஹம்மிங் பேர்ட், அக்கா.
செக்கனுக்கு ஐம்பது தரம் சிறகடிக்குமாம்.
என்ர கையிலயே வந்து குடிக்குது.
உங்கட பக்கம் இருக்கா?

இல்லை என்று எழுத மனம் வரவில்லை.
மகிழடித்தீவில் தேன்சிட்டு இருக்கு என்று எழுதினேன்.
பறந்தபடி நிற்கத் தெரியாது.
செவ்வரத்தைக் காம்பில் தொங்கிக்கொண்டு
பூவின் அடியில் துளை போட்டுக் குடிக்கும்.
களவுதான். நேர்த்தியான களவு.

நானும் கட்டினேன் ஒரு போத்தல்,
சோடா மூடிக்குச் சிவப்புக் கியூடெக்ஸ் பூசி.
முதல் நாள் கட்டெறும்பு.
அடுத்த நாள் கட்டெறும்பின் சொந்தக்காரர்.
மூன்றாம் நாள் போத்தலை
அவர்கள் பெயருக்கே எழுதிக் கொடுத்துவிட்டேன்.

மறுகா ஒரு செவ்வாய்க்கிழமை.
கச்சான் காற்று மணலைக் கிளப்பிப்
படலைகளை அறைந்துகொண்டிருந்த பகல்.
கோமளேஸ்வரியின் பிள்ளையை நிறுத்தேன்.
போன மாதத்தைவிட இருநூறு கிராம் குறைவு.
அட்டையில் புள்ளி வைத்தேன்,
கோடு கீழே இறங்கியது.
பால் காணாதா மிஸ், என்றாள்.
அடுப்புச் சாம்பல் குளிர்ந்து கிடந்ததை
நான் கண்டதை
அவள் கண்டாள்.

ஸ்கூட்டியில் ஏறி
ஹெல்மெட் கண்ணாடியை இறக்கியவள்
சாவியைத் திருப்பவில்லை.
வேலிப் பூவரசின் கீழ் அப்படியே இருந்தேன்.

டொக்.

நெற்றிக்கு நேரே.
டொக். டொக்.
ஊதாக் கழுத்து, மஞ்சள் வயிறு,
வளைந்த ஊசியாய் அலகு.
ஒரு சாண்கூட இல்லை, நாலு விரல்.
பறந்தபடி நிற்கிறது!
கோபம் வந்தால் தெரிகிறது.

கறுத்தக் கண்ணாடியில்
அது கண்டது தன் பகையாளியை.
பகையாளியின் வயிற்றுக்குள்
என் முகம் இருந்தது அதற்குத் தெரியாது.
மூச்சு விட்டேன், கண்ணாடியில் புகார் படிந்தது,
பகையாளி மங்கினான்.
அது விடவில்லை.
கைபிடியில் குந்தி, வாலை ஆட்டி,
புகார் விலகுமட்டும் பார்த்திருந்து
திரும்பவும் டொக்.

எட்டு கிராம் இருக்குமா?
என் தராசில் தொங்கவிட்டால்
முள் அசையாது.

படலையில் கோமளேஸ்வரி, இடுப்பில் பிள்ளை.
பிள்ளை கையை நீட்டியது.
சிட்டு இல்லை.
போன திசைகூட இல்லை.
உங்களோட என்ன கோவமாம் மிஸ், என்று
சிரித்துவிட்டாள்.

இறங்கினேன்.
சீற்றைத் திறந்து
சாப்பாட்டுப் பெட்டியை எடுத்து நீட்டினேன்.
இண்டைக்குச் செவ்வாய், எனக்கு விரதம், என்றேன்.
உள்ளே இருந்தது
மணலை மீன் குழம்பு.
அவள் மூடியைத் திறக்க முந்தி
மண்முனைப் பாலத்தில் ஏறிவிட வேண்டுமென்று
முறுக்கினேன்.

இரவு நிரோஜன் கேட்டான்:
என்னக்கா, உங்கட பறவை கைக்கு வந்ததா?

இல்லையடா.
அடிக்க வந்தது.