வால்கில்

மூன்றாம் நாள். மதியத்துக்குள் பதினாறு மைல்.
"அவசரமே இல்லாத பயணம்" என்றதை நம்பிக்
காசு கட்டியவள் நான்.
அவசரமில்லாதவர்களுக்கும் ஒரு வேகம் உண்டென்று
எவரும் சொல்லவில்லை.
ஒஹையோப் பல்வைத்தியர், அவர் மனைவி,
டல்சாவிலிருந்து வந்த அக்கா தங்கை
எல்லாரும் மேப்பிள் வளைவைத் தாண்டியாயிற்று.
கடைசியில் நான்.
எனக்கும் பின்னால், கடைசியாக வருவதற்கே
சம்பளம் வாங்கும் ப்ரின்.

பக்கத்தில் வரும் ஆற்றின் பெயர் வால்கில்.
பலகையை இங்கிலீஷில் வாசித்து
சுவரைக் கொன்றது யாரென்று திகைத்தேன்.
ஒல்லாந்தர் பாஷையில் கில் என்றால் ஓடை, என்றாள்.
என் பாஷையில் வால் என்றால் என்னவென்று
நான் சொன்னேன்.
சிரிப்பில் அவளுடைய முன்சில்லு ஒருதரம் ஆடியது.

இந்த ஆறு வடக்கே ஓடுகிறது.
வரைபடத்தில் பார்த்தால்
எல்லா ஆறும் இறங்க, இது மட்டும் ஏறுகிற மாதிரி.

ஐம்பத்தொரு வயதில் சைக்கிள் பழகினேன்,
மார்க்கத்தில், மூடிப்போன ஒரு கடையின் கார் தரிப்பிடத்தில்.
(ஊர்ப் பெயர்தான். நாங்கள் அப்படித்தான் எழுதுகிறோம்.)
விவாகரத்துக் கடிதம் வந்த அதே கிழமை.
ரோசன்டேல் இரும்புப் பாலத்தில் இறங்கி உருட்டினேன்.
கீழே பார்க்காதீர்கள் என்றவள்
தானே எட்டிப் பார்த்து
"ஐயோ, கூரையெல்லாம் தெரிகிறது" என்றாள்.

ஒரு வருஷம் உட்ரெக்டில் படித்தவளாம்.
அங்கே கிழவர்கள்கூட குடை பிடித்தபடி
தன்னை முந்திப் போனார்களாம்.
பாலத்தின் அந்தக் கரையில்
கக்கூஸ் எங்கே என்று எனக்குள் முணுமுணுத்தேன்.
அவள் பிரேக் பிடித்தாள்.
"என்ன சொன்னீர்கள்?"
திரும்பச் சொன்னேன்.
"அது ஒல்லாந்தச் சொல்!"
"இல்லை, தமிழ்."
அடுத்த நாலு மைலும் சண்டை இதுதான்.
மேசை லாச்சியைச் சொன்னேன், அது அவர்களுடையது.
கந்தோர் என்றேன், அதுவும்.
நூற்றைம்பது வருஷத்துக்கு எங்கள் கரையில் இருந்தவர்கள்
கோட்டையையும் வழக்கேட்டையும் விட்டுப் போனார்கள் என்றுதான்
பள்ளிக்கூடத்தில் எழுதிப் புள்ளி வாங்கினேன்.
இந்தக் கணக்கை யாரும் கேட்கவில்லை.

ஹர்லியில் கல்வீடுகள்.
சாம்பல் கல், வெள்ளைச் சாளரம், வாசலில் பூசணி.
ஒரு வீட்டுக்குள் கூட்டிப் போனார்கள்.
மேலே கட்டில், வேதாகமம், நீலக் கோப்பை.
பல்வைத்தியர் உத்தரத்தைத் தட்டிப் பார்த்து
ஓக் என்றார்.
பிறகு நிலவறை.
குனிந்துதான் இறங்கவேண்டும், நான்கூட.
பெரிய அடுப்பு. மண் தரை. கையகல ஜன்னல்.

"சமைத்தவர்கள் இங்கேயே படுத்தார்கள்" என்றார்
வீட்டைக் காட்டிய அம்மா,
"அவர்களுக்குச் சம்பளம் இல்லை" என்றும் சொல்லி
கொஞ்சம் நிறுத்தி
அடுப்பின் நீள அகலத்துக்குப் போனார்.
வாசல் பலகையில் வீட்டுக்காரர் பெயர்
ஏழு தலைமுறைக்கு இருந்தது.
கீழே கரி மட்டும்.

நாகப்பட்டினத்திலிருந்தும் கப்பல் போனதென்று
எங்கோ வாசித்திருக்கிறேன்.
பஞ்சத்து வருஷம். பத்தாவியாவுக்கு.
ஏற்றியது துணி மட்டும் அல்ல.

அக்கா தங்கை படம் எடுத்தார்கள்.
ப்ரின் தலையை இடித்துக்கொண்டு
உத்தரத்திடம் மன்னிப்புக் கேட்டாள்.
வெளியே வெயில் முகத்தில் அறைந்தது.
யாரோ ஆப்பிள் சாறு நீட்டினார்கள்.
குளிர்ந்திருந்தது, குடித்தேன்.

"இன்னும் சொல் இருக்கிறதா?" என்றாள்,
தலைக்கவசத்தின் பட்டியைப் பூட்டியபடி.

ஒன்று இருந்தது.
தினமும் வாயில் புழங்குகிற சொல்,
அதுவும் அவர்கள் நாணயம்தான்.
துட்டு.
எத்தனை துட்டு, ஒரு ஆளுக்கு?

"யோசிக்கிறேன்" என்றேன்.
மிதித்தேன். மற்றவர்கள் சோளக்காட்டுத் திருப்பத்தில்
மஞ்சள் புள்ளிகளாகிவிட்டார்கள்.
பின்னால் அவளுடைய சங்கிலி
எண்ணெய் கேட்டுக்கொண்டே வந்தது.