நாற்பத்தோராவது ஆட்டம்

ஸ்கோர் புத்தகம் என்னிடம்தான் இருக்கிறது.
திண்டுக்கல் ஆபீசிலிருந்து கேட்டு இரண்டு கடிதம் வந்தது.
பதில் போடவில்லை.
ஆட்டத்துக்கு முந்நூறு, பன்னிரண்டு ஆட்டம் பாக்கி.
அதை அனுப்பட்டும், பிறகு பார்க்கலாம்.

மன்னவனூரில் பேஸ்பால் என்றால் இப்போது சிரிப்பார்கள்.
அப்போதும் சிரித்தார்கள்தான்,
டிக்கெட் வாங்கிக்கொண்டு.
முருங்கைப் பொடியைக் கப்பலேற்றிய பணத்தில்
ஒட்டன்சத்திரம் நாச்சிமுத்து ஒரு டீம் வாங்கினார்.
பெயர் மலையணில்கள்.
மாதச் சம்பளம், தங்க இடம், காலையில் இரண்டு முட்டை.
ஆட்டுப்பண்ணைக்கு மேற்கே புல்லைச் சமன்செய்து
சாய்சதுரமாய்ச் சுண்ணாம்புக் கோடு போட்டார்கள்.

வீரச்சின்னு பூம்பாறைக்காரன்.
படிக்கட்டு வயலில் கீழிருந்து மேலே
பூண்டு மூட்டை வீசிப் பழகிய தோள்.
கேட்சர் சகாயராஜ், பெருமாள்மலை மரமில்.
பிட்சர் மட்டும் மெக்சிகோ.
எலிசியோ என்று பெயர், எங்கள் வாய்க்கு எலி.
அணில்களுக்கு நடுவே ஓர் எலி என்று
மைக்கில் சொல்லிச் சொல்லியே
கவுஞ்சி குமரேசன் கூட்டம் சேர்த்தான்.

விதிப் புத்தகத்தில் இல்லாததை நாங்களே எழுதிக்கொண்டோம்.
காட்டுமாடு வந்தால் ஆட்டம் நிற்கும்.
அது போகும்வரை யாரும் பேஸைவிட்டு அசையக் கூடாது.
ஒருமுறை ஐம்பது நிமிடம் மேய்ந்தது.
இரண்டாம் பேஸில் வீரச்சின்னு,
மூச்சை மட்டும் விட்டுக்கொண்டு.
மஞ்சு இறங்கினால்
அம்பயர் கண்ணுக்கு இரண்டாம் பேஸ் தெரிகிறவரைதான் பகல்.

மழை ஓய்வில், கேரட் கழுவும் தொட்டியருகே,
பாதி தமிழும் பாதி கையுமாக எலிசியோ சொன்னான்:
அவன் ஊரிலும் ஒரு டீம். செந்தேள்கள்.
பதினோரு மாதம் இருந்தது.
"முதலில் முட்டை போகும்.
அப்புறம் பஸ் போகும்.
அப்புறம் முதலாளி வருவார்,
நாமெல்லாம் ஒரே குடும்பம் என்பார்.
அன்று ராத்திரியே பெட்டியைக் கட்டு."
அந்த மைதானம் இப்போது என்ன என்றேன்.
பஸ் ஸ்டாண்டு என்றான்.
நல்ல பஸ் ஸ்டாண்டு, என்றான்.

இரண்டாம் சீசன், ஆடி மாதம்.
தட்டில் ஒரு முட்டை.
எலிசியோ என்னைப் பார்த்தான்,
நான் புத்தகத்தைப் பார்த்தேன்.
ஐப்பசியில் நாச்சிமுத்து காரைவிட்டு இறங்காமலே
குடும்பம் என்ற சொல்லை நான்கு முறை சொன்னார்.
எண்ணுவது என் வேலை.

யாரும் பெட்டி கட்டவில்லை. எலிசியோகூட.
நாற்பத்தோராவது ஆட்டம், வேடசந்தூர் மில்காரர்களோடு,
சம்பளம் இல்லாமல் ஆடினார்கள்.
கடைசி இன்னிங்ஸ், ஒரு ரன் குறைவு, இரண்டு பேர் அவுட்,
முதல் பேஸில் சகாயராஜ்,
மட்டை வீரச்சின்னு கையில்.
முற்றின பலாவைத் தட்டினாற்போல் ஒரு சத்தம்.
இடது கோட்டை ஒட்டிப் பந்து மேலே போனது.
மஞ்சு கீழே வந்தது.

விழுந்த சத்தம் யாருக்கும் கேட்கவில்லை.
வீரச்சின்னு ஓடினான்.
ஒவ்வொரு பேஸிலும் "தொட்டேன்" என்று கத்தினான்.
ஆள் தெரியவில்லை; குரல் மட்டும்
வலமிருந்து இடமாகச் சுற்றி வந்தது.
நான்கு தொட்டேன்.
கோட்டுக்கு உள்ளே விழுந்திருந்தால் ஜெயித்தோம்.
வெளியே என்றால் இன்னொரு பந்து வேண்டும்,
அதற்கு வெளிச்சம் இல்லை.
தேடப் போன மில்காரர் வெறுங்கையோடு திரும்பினார்.
அம்பயர் என் மேசைக்கு வந்து குனிந்தார்:
"நீ என்னம்மா எழுதினே?"

மறுநாள் ஜெர்சிகளைப் பஸ்காரர் எடுத்துக்கொண்டார், வாடகைக்கு.
கவுஞ்சி வண்டியில் டிக்கெட் கிழிக்கிறவர் முதுகில்
இன்றும் பதினான்கு.
எலிசியோ கிளம்ப ஒரு வாரம் ஆனது.
ஒரு கிலோ பூண்டு கொண்டுபோனான், விதைக்கு.

ஏட்டை மூட வேண்டுமாம் திண்டுக்கல்லுக்கு.
கடைசிக் கட்டத்தில் என்ன இருக்கிறது என்று கேட்கிறார்கள்.
ஒரு புள்ளி இருக்கிறது.
நான் பென்சிலை ஊன்றிய இடம்.
உள்ளேயா வெளியேயா,
மூவாயிரத்து அறுநூறு வரட்டும், சொல்கிறேன்.