முப்பது நொடிக்கு ஒலி இல்லை

எங்கள் காமிராக்கள் பிறக்கும்போது ஊமை.
போலீஸ்காரர் மார்பில் பொத்தானை அழுத்தினால்
அதற்கு முந்தைய அரை நிமிடத்தையும்
கூடவே இழுத்துக்கொண்டு வரும்,
படமாக மட்டும்.
ஒலி பொத்தானுக்குப் பிறகுதான்.
விற்க வந்தவர் இதை விளக்கியபோது
மேசையைச் சுற்றி எல்லோரும் தலையாட்டினோம்.
அன்று சாண்ட்விச் அவர் செலவு.

நான் மூன்றாம் மாடி. ஆவணப் பிரிவு.
ஈரி ஏரிக்காற்று ஜன்னலைத் தட்டும் இந்த ஊரில்
யார் கேட்டாலும் காணொளியைக் கொடுக்க வேண்டும்.
கொடுக்குமுன் மங்கலாக்க வேண்டும்:
வீட்டு எண், வண்டி எண்,
பிளந்த காயம், குழந்தைகள்.
பதினோரு வருடமாக
முகங்களுக்குப் பனி பூசிச் சம்பளம் வாங்குகிறேன்.

மார்ச் ஒன்பது. இரவு எட்டு நாற்பது.
பின்விளக்கு ஒன்று எரியவில்லை என்று
லெமுவல் பிரிட்ஜஸை நிறுத்துகிறார் ஸ்டுட்ஸ்மன்.
பஸ் டிப்போ மெக்கானிக், ஐம்பத்தெட்டு வயது.
கார்க் கண்ணாடி இறங்குகிறது.
ஒரு கை ஸ்டீயரிங்கில்.
இன்னொரு கை
எதையோ எடுக்கப் போகிறது, அல்லது
எதையோ காட்டுகிறது, அல்லது
பேசினால் யார் கையும் அசையுமே, அப்படி அசைகிறது.
உதடு நகர்கிறது.
ஒரு நீண்ட வாக்கியம். இடைவெளி. இன்னொன்று, சின்னது.
ஸ்டுட்ஸ்மனின் வாய் தெரியாது,
காமிரா அதற்குக் கீழே.
இருபத்தெட்டு, இருபத்தொன்பது,
திடீரென்று உலகம் கத்துகிறது:
"சொன்னேன் இல்லையா! சொன்னேன் இல்லையா!"

என்ன சொன்னார்?
போலீஸ் சங்கத்து வக்கீல் அந்த உதட்டில் மிரட்டலைப் படிக்கிறார்.
குடும்பத்து வக்கீல் அதே உதட்டில்
"சார், மாத்திரை எடுக்கிறேன்" என்று படிக்கிறார்.
டிவியில் ஒரு நிபுணர், கட்டணம் வாங்கியவர்,
நிறுத்தி நிறுத்தி எழுத்துக் கூட்டுகிறார்.
பிரிட்ஜஸுக்கே நினைவில்லை.
மண்டையில் பதினேழு தையல்,
அந்த இரவு தையலுக்கு அடியில் போய்விட்டது.
ஸ்டுட்ஸ்மன் சம்பளத்தோடு வீட்டில் இருக்கிறார்.
எனக்காக லிஃப்ட் கதவைப் பிடித்து நிற்பவர்தான்.
அதை என்னிடம் யாரும் கேட்கவில்லை.
கேட்டாலும் எந்தப் பக்கத்தில் எழுதுவது?

யாரிடமும் சொல்லாத ஒன்று.
திரையின் வலது மூலை, சலவைக் கடை.
உள்ளே புழுக்கம் போல,
கதவைச் செங்கல் முட்டுக்கொடுத்துத் திறந்திருக்கிறார்கள்.
வாசலில் ஒரு சிறுமி,
கையில் ஒற்றைக் காலுறை.
காரிலிருந்து பத்தடி இருந்தால் அதிகம்.
அந்தச் சின்ன வாக்கியம் முடிந்ததும்
அவள் சிரிக்கிறாள்.
கத்தல் தொடங்குமுன்
பல் விழுந்த இடம் தெரியும்படி
ஒரு சிரிப்பு.

விதிப்படி அவள் முகத்தின் மேல்
ஒரு சதுரம் இழுத்தேன்.
நீக்கினேன். மறுபடி இழுத்தேன்.
அசல் சர்வரில் இருக்கிறது,
தேடத் தோன்றுகிறவர்களுக்கு.
குறிப்புக் கட்டத்தில் எழுதினேன்:
"சிறார் ஒருவர். மங்கலாக்கப்பட்டது."
அதற்குமேல் எழுத இடம் இருந்தது.

வீட்டில் நேற்றைய சூப்பை மைக்ரோவேவில் வைத்து
முப்பது என்று அழுத்தினேன்.
நின்று பார்த்தால் அது எவ்வளவு நீளம்!
தட்டு சுற்றிக்கொண்டே இருக்கிறது.
அதற்குள் ஒருவர் தன் பெயரைச் சொல்லலாம்,
விளக்கை நாளைக்கே மாற்றுகிறேன் எனலாம்,
வேடிக்கையாக ஏதாவது சொல்லி
தெருவில் நிற்கும் குழந்தையைச் சிரிக்கவும் வைக்கலாம்.
மணி அடித்தது.
நடுவில் இன்னும் சில்லென்றுதான் இருந்தது.
இன்னொரு முப்பது அழுத்தினேன்.