பின்கசப்பு

கரும்பு தின்னக் கூலியா என்பார்கள்.
குவெல்ஃப் நகரில் எனக்கு மணிக்கு இருபத்திரண்டு டாலர்,
கரும்பே இல்லாத இனிப்பைச் சுவைத்துத் துப்ப.

நிறம் ஏமாற்றாதிருக்கச் சிவப்பு விளக்கு.
சிறு ஜன்னல் திறக்கும். ஒரு கை மட்டும் வரும்.
417, 862, 205 என்று கோப்பைகளை வைத்துவிட்டுப் போகும்.
வாயில் எடு. சுழற்று. துப்பு.
பிறகு கடிகாரத்தைப் பார்.

இனிப்பை யாரும் விசாரிப்பதில்லை.
அது உண்டென்று அவர்களுக்கே தெரியும்.
முன்பு புகையிலை விளைந்த வயலில் வளர்ந்த
சீனித்துளசி இலை,
சர்க்கரையைவிட இருநூறு மடங்கு.
கேட்பதெல்லாம், அது போன பிறகு என்ன வருகிறது?
பத்தாவது நொடியில்? முப்பதில்? அறுபதில்?

முதல் மாதம் அதிமதுரம்.
மார்ச்சில், மழையில் நனைந்த ஜன்னல் கம்பி.
ஒருமுறை வேப்பங்கொழுந்து என்று தமிழிலேயே எழுதிவிட்டேன்.
என்னவென்று கேட்டு ஹெதர் ஓடி வந்தாள்,
முகத்தைச் சுளித்துக் காட்டினேன்,
அதையும் குறித்துக்கொண்டாள்.

வீட்டில் திராட்சை தின்றாலும் அறுபதுவரை எண்ணுகிறேன்.
பூமிநாதன் சிரிக்கிறார்.

நவம்பரில் 638.
பத்து. முப்பது. அறுபது.
தொண்ணூறுவரை காத்திருந்தேன்.
ஒன்றும் வரவில்லை.
வாய் வாயாகவே இருந்தது.
கோட்டின் தொடக்கத்திலேயே புள்ளி வைத்தேன்.
சுவருக்கு அப்பால் யாரோ கைதட்டினார்கள்.

ஹெதர் உள்ளே வந்து வெள்ளை விளக்கைப் போட்டாள்.
"இவ்வளவு நேர்மையான நாக்கை
நாங்கள் பார்த்ததே இல்லை, தமயந்தி."

பழக்கம்.
எண்ணத் தொடங்கினேன்.
நாற்பத்தொன்றில் வந்தது:
"அடுத்த வாரத்திலிருந்து இந்தக் குழு தேவைப்படாது."