மாதிரி எடுப்பவன்

டிசம்பரில் எனக்கு ஹோர்ஷம் சைலோவில் வேலை.
லொறி வந்து நின்றதும் இரும்புக் கோலை இறக்கிக்
கோதுமையில் மாதிரி எடுப்பது.
ஈரம், புரதம், களைவிதை.
எண்ணை எழுதிக் கொடுப்பேன். கருத்துச் சொல்வதில்லை.

லொறிகள் வராத மதியங்களில்
நூலகத்துப் புத்தகம் ஒன்று வாசித்தேன்,
கிரேக்கக் கொடுங்கோலர்களைப் பற்றி.

கொரிந்தின் அதிபதி
மிலேத்து நகரத்துக் கொடுங்கோலனிடம் ஆளனுப்பிக் கேட்கிறான்:
ஊரை எப்படிக் கையில் வைத்திருப்பது?
அவன் பதில் சொல்லவில்லை.
வந்தவனை வயலுக்குக் கூட்டிப்போனான்.
பயணம் எப்படி என்று விசாரித்தபடியே
தலை நிமிர்ந்த கதிராய்ப் பார்த்துத் தட்டித் தட்டி எறிந்தான்.
தூதன் திரும்பி வந்து சொன்னான்:
"ஒன்றும் சொல்லவில்லை. பைத்தியம்.
தன் விளைச்சலைத் தானே அழிக்கிறான்."
கேட்டவனுக்கு விளங்கிவிட்டது.

கோல் கோணியவன் என்றாவது
அவர்களுக்கு நம் மொழியில் ஒரு பெயருண்டு.
தூதனுக்குப் பெயரில்லை.
பக்கங்களைத் திருப்பித் திருப்பித் தேடினேன்.

எனக்கு அப்போது பதினேழு. சைக்கிள் வைத்திருந்தேன்.
"பதில் தரவில்லை" என்றேன்,
"வாசகசாலைக் குழுப்படத்தில்
தூசி துடைத்துக்கொண்டிருந்தார்."
"முழுப் படத்தையுமா?"
"இல்லை. மூன்று முகம்."
யார் யார் என்றார்கள்.
சொன்னேன்.
தேத்தண்ணி தந்தார்கள், இரண்டு கரண்டி சீனி போட்டு.

அந்தக் கிழமை முடிவதற்குள்
திலகவதி ரீச்சர்.
சங்கக்கடை இராசநாயகம்.
கூட்டத்தில் கடைசி வரிசையில் இருந்து
சத்தமாய்ச் சிரிக்கும் புவனேந்திரன்.

கிளியையும் முகிலையும் தூது விட்டுப் பாடிய மொழி.
கிளியைப் பிடித்து
பிறகு எவரும் விசாரித்ததில்லை.

போன ஞாயிறு லாக்லன் தன் வயலைக் காட்டினான்.
விரிப்பு விரித்ததுபோல் மட்டம், அடிவானம் வரை.
"ஒரு கதிர்கூட நீட்டிக்கொண்டு நிற்கவில்லையே" என்றேன்.
"கட்டை இனம். விதையிலேயே குறுக்கியாயிற்று.
உயர்ந்தால் காற்றுக்குச் சாயும்."
பெருமையாகத்தான் சொன்னான். நல்லவன்.
கோலுக்கு அங்கே வேலையே இல்லை.

வேலியோரம் மட்டும்
காட்டு ஓட்ஸ் ஒன்று, முழங்கை உயரம் கூட,
தலையாட்டிக்கொண்டு நின்றது.
"களை" என்று கை நீட்டினான்.
நீட்டியபடியே கேட்டான்,
வந்து எத்தனை வருடம், அங்கே எந்த ஊர்.

ஊர்ப்பெயர் சொன்னேன்.
வேறு ஒரு ஊரின் பெயர்.